மொழிபெயர்ப்பவர் எப்போது சாப்பிடுவார்? கொழும்பு இறையியல் கல்லூரி ஒன்றின் மதிய உரையாடல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பில் உள்ள ஒரு சிறிய இறையியல் கல்லூரியில் 2024ஆம் ஆண்டு புதன்கிழமைகளில் நடந்த மதிய உரையாடலைப் பற்றிய பதிவு இது. பெயர்கள் எதையும் எழுதவில்லை. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். உரையாடலை நடத்திய மூவர் குழுவில் நானும் ஒருவன். தமிழ்ப் பிரிவில் பாடம் எடுக்கிறவன்.

கல்லூரி பல சபைகளுக்குப் பொதுவானது. மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகோஸ்தே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். சிங்களப் பிரிவு, தமிழ்ப் பிரிவு என இரண்டு. பாடங்கள் தனித்தனி. ஆராதனை ஒன்றாக நடக்கும். பாட்டுப் புத்தகம் மட்டும் இரண்டு. சாப்பாட்டு மண்டபமும் ஒன்றுதான். ஆனால் ஜன்னல் பக்க மேசைகளில் சிங்கள மாணவர்களும், கை கழுவும் தொட்டிப் பக்க மேசைகளில் தமிழ் மாணவர்களும் இருப்பார்கள். அப்படி இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர் முதல் நாளே தட்டோடு நின்று ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம் சரியான மேசைக்குப் போய்விடுவார்.

தமிழ்ப் பிரிவும் ஒரே கூட்டம் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள், மட்டக்களப்பார், மலையகத்திலிருந்து வந்தவர்கள், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. வன்னியிலிருந்து வந்தவருக்குச் சிங்களம் வராது. கொட்டாஞ்சேனைப் பையனுக்குச் சிங்களத்தில்தான் சண்டை பிடிக்கவே வரும். மலையகத்தவர்கள் பலருக்கு இரண்டும் வரும், ஆங்கிலம்தான் தடுக்கும்.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம். பௌத்தர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள், இந்துக்கள் பெரும்பாலும் தமிழர்கள். இரண்டு இனத்தாரும் கணிசமாக இருக்கும் சமயம் கிறிஸ்தவம் மட்டுமே. அதனால் இனங்களுக்கு இடையில் திருச்சபைதான் பாலம் என்று மேடைகளில் சொல்வது நமக்கு வழக்கம். நடைமுறை என்னவென்றால், கொழும்பின் பல ஆலயங்களில் காலை ஏழரைக்குச் சிங்கள ஆராதனை, ஒன்பதரைக்குத் தமிழ் ஆராதனை. இரண்டு சபையாரும் சந்திப்பது வாகனம் நிறுத்தும் இடத்தில்.

உரையாடலை அமைத்த விதம்

'கலாசாரம் கடந்த ஊழியமும் சமூக நீதியும்' என்று தலைப்பு வைத்தோம். ஊழியம் பற்றிய பாடத்தில் இருக்கும் உதாரணங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர் எழுதியவை. நம் நாட்டிலேயே நடந்ததை மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. புத்தளையில் பௌத்த விவசாயிகள் நடுவே குடிசை போட்டு வாழ்ந்து, 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி முடிந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்ட அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோவைத் தமிழ்ப் பிரிவில் ஓரிருவர்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின், தமிழருக்கு இழைத்த அநியாயத்தைச் சிங்கள மக்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசி, அதே ஆண்டு ஒக்டோபரில் காலமான குருநாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவைச் சிங்களப் பிரிவில் பலர் பெயரளவில் மட்டும் அறிந்திருந்தார்கள். இந்த இரண்டு பேரையும் இரண்டு பிரிவுக்கும் அறிமுகப்படுத்தினாலே போதும் என்றுதான் தொடங்கினோம்.

நேரம் பன்னிரண்டரை முதல் ஒன்றேகால் வரை. சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். விருந்தினர் ஒருவர் இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவார். சிங்கள விரிவுரையாளர் ஒருவர் ஜன்னல் பக்கம் நின்று சிங்களத்தில் சொல்வார். தொட்டிப் பக்கம் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் முன்வந்தார். முப்பதை நெருங்கியவர், மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கல்லூரிக்கு வருமுன் புறக்கோட்டையில் புடவைக் கடையில் வேலை செய்தவர். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்தைத் தானாக முயன்று பிடித்துக்கொண்டவர். இரண்டு பக்கத்து மாணவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேள்வி நேரத்தில் வேலை இரட்டிப்பாகும். சிங்களக் கேள்வியைத் தமிழுக்கும் தமிழ்க் கேள்வியைச் சிங்களத்துக்கும் சொல்ல அவரை விட்டால் வேறு ஆள் இருக்கவில்லை. சிங்கள விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியாது.

முதல் மூன்று மாதங்களில் கவனித்தவை

கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. சாப்பாட்டு நேரமும் அதுதான், இடமும் அதுதான் என்பதால் வருகையை வைத்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை. மார்ச் அளவில் எங்கள் குறிப்புகளில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

கேள்வி கேட்டவர்கள் யார் என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லாரும் ஆங்கிலம் சரளமாக வருகிற கொழும்பு, மொரட்டுவைப் பிள்ளைகள். மொழிபெயர்ப்பு முடிந்து தமிழ் மாணவர் கை தூக்கும்போது பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். மட்டக்களப்பு மாணவர் ஒருவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சேர், நாங்க சிரிக்கிறதும் மத்தவங்க சிரிச்சு முடிஞ்ச பிறகுதான்."

பேசப்பட்ட எல்லாமே வேறு எங்கோ இருந்தது. கலாசாரம் கடப்பது என்றால் பஸ் ஏறித் தூரத்துக் கிராமத்துக்குப் போவது. நீதி என்றால், நியாயம் தண்ணீரைப்போலப் புரளட்டும் என்கிற ஆமோஸ் 5:24. அந்த வசனத்தை எத்தனை தடவை வாசித்தும் மண்டபத்தில் ஒருவருக்காவது சோறு இறங்காமல் போனதாக நான் காணவில்லை.

மூன்றாவதைக் கவனித்தது நாங்கள் அல்ல, சமையற்கட்டில் வேலை செய்யும் அம்மா. புதன்கிழமை தோறும் ஒரு தட்டுச் சோறு, மேலே இன்னொரு தட்டால் மூடியபடி, மேசையில் இருக்கும். ஒன்றேகாலுக்கு மணி அடித்ததும் மாணவி அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகும் நடையில் நாலு வாய் சாப்பிடுவார், அல்லது திருப்பிக் கொடுத்துவிடுவார். சிவப்பரிசிச் சோறும் பருப்பும் அந்த நேரத்துக்குள் இறுகிப் போயிருக்கும். "அந்தப் பிள்ளைக்குப் புதன்கிழமை சாப்பாடு போடவா வேணாமா?" என்று அந்த அம்மா அலுவலகத்தில் கேட்டபோதுதான் விஷயம் எங்கள் காதுக்கு வந்தது. முன்னதாகவே சாப்பிட்டுவிடுங்கள் என்று மாணவியிடம் சொன்னோம். பன்னிரண்டரை வரை அவருக்கு வகுப்பு இருந்தது. அந்த யோசனை அதோடு நின்றது.

மே 8, புதன்கிழமை

அந்த ஆண்டு மே தினக் கூட்டத்தில், கொட்டகலையில் வைத்து, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாவாகும் என்று அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்திருந்தார். 2021இல்தான் அது 1,000 ரூபாவாகியிருந்தது. கம்பனிகள் முடியாது என்றன. பத்திரிகைகள் முழுக்க அதே பேச்சு. முந்தைய ஆண்டுதான், தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போயிருந்தார்கள். சபைகளும் அதில் கலந்துகொண்டன, எங்கள் மாணவர்கள் சிலரும் ஒரு பகுதி தூரம் நடந்தார்கள். எனவே தலைப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை.

விருந்தினர் கொழும்புத் தமிழர். சபை சார்ந்த நலத்திட்டங்களில் நீண்ட காலம் வேலை செய்தவர். கெட்ட மனிதர் அல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குப் புலமைப்பரிசில் வாங்கிக் கொடுத்தவர். மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் உட்கார்ந்து கணக்குப் பார்த்த கதை, கடைசியில் மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இல் வந்த சட்டம் என்று ஒழுங்காகவே சொல்லிக்கொண்டு வந்தார். மாணவியும் அதே வேகத்தில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்புறம் சம்பளத்துக்கு வந்தார். 1,700 கொடுத்தாலும் 2,700 கொடுத்தாலும் அது சாராயக் கடைக்குத்தான் போகும், முதலில் அவர்களுக்குச் சேமிக்கவும் குடும்பம் நடத்தவும் கற்றுக்கொடுக்க வேண்டும், ஊழியம் அங்கேதான் தொடங்க வேண்டும் என்றார்.

ஜன்னல் பக்கம் இது சிங்களத்தில் போய்ச் சேர்ந்தது. ஓரிருவர் தலையாட்டினார்கள். தொட்டிப் பக்கம் ஒன்றும் வரவில்லை. மாணவி கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். மூடியிருந்த தட்டைத் திறந்தார். உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

விருந்தினர் சொல்லி முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சில நிமிடங்களுக்கு அந்த மண்டபத்தில் ஒரு பாதிக்கு ஒரு பேச்சும் மறுபாதிக்கு வேறொரு பேச்சும் இருந்தது. ஆங்கிலம் தெரிந்த யாழ்ப்பாண மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொல்ல, அது மேசை மேசையாகப் போனது. மலையக மாணவர் இருவர் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார்கள். மணி அடித்தது. கேள்வி நேரம் இல்லாமலே கூட்டம் கலைந்தது.

அன்று பின்னேரம் மாணவியைச் சந்தித்தேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "அவர் 'நான்' எண்டு சொன்னா நானும் 'நான்' எண்டுதானே சொல்லணும் சேர். அதை என் வாயால சொன்னா நான் சொன்ன மாதிரி ஆயிரும்."

எடுத்த தீர்மானங்களும் அவற்றின் காரணங்களும்

மறுநாள் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். ஒருமித்த கருத்து இருக்கவில்லை. ஒருவர், விருந்தினரைத் திரும்ப அழைத்து விளக்கம் கேட்க வேண்டும் என்றார். சிங்களச் சக விரிவுரையாளர், ஆங்கிலம் இரண்டு தரப்புக்கும் பொது, எனவே ஆங்கிலத்திலேயே நடத்தி மாணவர்களின் ஆங்கிலத்தை வளர்ப்போம், மொழிபெயர்ப்பே வேண்டாம் என்றார். இரண்டையும் நான் எதிர்த்தேன். விருந்தினரைத் திரும்பக் கூப்பிட்டால் மலையகத்தைப் பற்றி நாங்கள் பேசும் இரண்டாவது கூட்டமும் அவருடைய கூட்டமாகிவிடும். ஆங்கிலம் பொது என்பது கொழும்பின் வசதியான கொள்ளுப்பிட்டியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற உண்மை. வடக்கே கிளிநொச்சியிலிருந்து வந்தவருக்கும் தெற்கே தெனியாயவிலிருந்து வந்தவருக்கும் அது ஒரே அளவில் அந்நியம்.

இன்னொரு யோசனை எல்லாருக்கும் பிடித்தது: அடுத்த வாரம் அந்த மாணவியையே பேசச் சொல்வது. அவர் மறுத்துவிட்டார். "மலையகம் எண்டதும் என்னைய ஏன் பாக்குறீங்க? ரோமர் நிருபத்தைப் பத்திப் பேசச் சொல்லி என்னைய யாரும் கேட்டதில்லையே." அந்த மறுப்புதான் எங்கள் தீர்மானங்களை வடிவமைத்தது என்று சொல்லலாம்.

அந்தக் கல்வித் தவணைக்கு விருந்தினர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பேசுகிறவர் தன் தாய்மொழியில் பேச வேண்டும், இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு புதனும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், சிங்களத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், தமிழிலிருந்து சிங்களத்துக்கு ஒருவர். முறை வைத்து மாறுவார்கள். 'நான்' என்று சொல்லாமல் 'அவர் சொல்கிறார்' என்றே மொழிபெயர்க்கலாம். சொல்ல முடியாததைச் சொல்ல மறுக்கலாம், ஆனால் மறுக்கிறேன் என்பதை இரண்டு மொழியிலும் அறிவிக்க வேண்டும். அன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் இருவருக்கும் பன்னிரண்டேகாலுக்கு வகுப்பிலிருந்து விடுப்பு. முதலில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் நிர்வாகத்தில் அதிக எதிர்ப்பு. பதினைந்து நிமிடப் பாடம் போகிறது என்றார்கள்.

முதல்வரிடம் பேசப் போனபோது அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதுவும் சாப்பாட்டுப் பந்தியில் மொழி காரணமாக எழுந்த முறைப்பாடுதான். கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொல்லி, பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு வந்த பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்திருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது. முதல்வர் ஒரு தவணைக்கு அனுமதி தந்தார். வேதவசனத்தைவிட, மாணவர்கள் இரண்டு பேர் எழுந்து போனார்கள் என்ற செய்திதான் அவரை அசைத்தது என்பது என் ஊகம்.

மே 15உம் மே 18உம்

அதற்குள் இன்னொரு விஷயம் வந்து நின்றது. 2024 மே 18, போரின் கடைசி நாட்களில் தமிழ் மக்கள் பெருந்தொகையாக இறந்த முள்ளிவாய்க்காலின் 15ஆவது ஆண்டு. அங்கு சிக்கியிருந்தவர்கள் கஞ்சி குடித்து உயிர் பிடித்ததை நினைவுகூர்ந்து கொடுப்பது முள்ளிவாய்க்கால் கஞ்சி. மே 12ஆம் திகதி திருகோணமலை சம்பூரில் அதை வழங்கிய பெண்கள் கைது செய்யப்பட்டிருந்தார்கள். மே 15 புதன் உரையாடலில் நினைவுகூர வேண்டும், கஞ்சியும் கொடுக்க வேண்டும் என்று வடக்கு மாணவர்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் சொன்ன நியாயம் வலுவானது. 2022 மே 18 அன்று, அரசுக்கு எதிராகக் கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த போராட்டக்களத்தில் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து நினைவுகூர்ந்து கஞ்சி குடித்தார்கள். நடுத்தெருவில் முடிந்தது நம் மண்டபத்தில் ஏன் முடியாது?

சிங்களப் பிரிவில், போரின் கடைசி மாதங்களில் அண்ணனை இழந்த மாணவர் ஒருவர் இருந்தார். அண்ணன் இராணுவத்தில் இருந்தவர். அவர் எதிர்க்கவில்லை. அன்று மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

கஞ்சிக்கு நிர்வாகம் அனுமதிக்கவில்லை. பொலிஸ் வரும் என்ற பயம். அந்த வாரத்தில் அது கற்பனைப் பயமும் அல்ல. உரையாடலாக நடத்துவதில்லை என்பது எங்கள் குழுவின் தீர்மானம். முந்தைய புதன்தான் உடைந்து போயிருந்தது, புதிய மொழிபெயர்ப்பு முறை ஒரு தடவைகூட நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அந்த நிலையில் இறந்தவர்களை விவாதப்பொருளாக மேசையில் வைக்க விரும்பவில்லை. பதிலாக ஆலயத்தில் விளக்கேற்றி, 88ஆம் சங்கீதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்து, மௌனமாக இருந்துவிட்டு வந்தோம். புலம்பி முடித்து நம்பிக்கைக்குத் திரும்பாத சங்கீதம் அது, அதனால்தான் எடுத்தோம். அண்ணனை இழந்தவர் வந்திருந்தார். வடக்கு மாணவர்களில் இருவர் வரவில்லை. மௌனம் எங்களுக்கு ஏற்கனவே போதிய அளவு கிடைத்திருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதம் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் புதன் உரையாடலுக்கு வரவே இல்லை.

பின்னர் நடந்தவை

ஜூனில் புதிய முறை தொடங்கியது. வருகை பாதியாகக் குறைந்தது. ஆங்கிலம் நன்றாக வந்தவர்களுக்கு நிறுத்தி நிறுத்திப் பேசுவது அலுப்பாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்கள். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டோம், அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

ஜூன் நடுவில் மாணவி தானாகவே வந்து, தன்னைப் பற்றிப் பேசமாட்டேன், ஆனால் ஒரு கடுதாசியைக் காட்டலாம் என்றார். அம்மாவின் சம்பளச் சிட்டை. பெயரை மறைத்துப் படியெடுத்து மேசைக்கு ஒன்றாக வைத்தோம். அன்று மொழிபெயர்ப்பு அவருடைய முறையல்ல. அவர் தட்டோடு உட்கார்ந்திருக்க, கொட்டாஞ்சேனை மாணவர் ஒருவரும் மாத்தறை மாணவி ஒருவரும் மொழிபெயர்த்தார்கள்.

சிட்டையை வாசிப்பது லேசாக இருக்கவில்லை. நாட்சம்பளம் எவ்வளவு என்று பத்திரிகையில் வரும். எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள் என்பது பத்திரிகையில் வராது. ஒரு நாள் சம்பளம் முழுதாகக் கிடைக்க இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 16, 18, 20 கிலோ என்று. மழையிலும் வரட்சியிலும் அது நிறையாது; நிறையாவிட்டால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், தொழிற்சங்கச் சந்தா, தீபாவளிக்கு வாங்கிய முற்பணம், தோட்டத்தில் வாங்கிய தேயிலைத் தூள் எல்லாம் கழிந்து மிச்சம் வரும். மாணவர்கள் கைபேசியை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். மாதத்தில் பாதி நாள்தான் வேலை, அதிலும் சில அரைப்பேர் என்றால் 1,700 என்ன ஆகும், 1,000 என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கணக்கு. சேமிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி அன்று யாரும் பேசவில்லை.

எதிர்பாராத திருப்பம் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. மே 8 அன்று தலையாட்டியவர்களில் ஒருவர் தெனியாயக்காரர். அவர் வீட்டுக்குச் சிறு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி இப்போது இப்படிப்பட்ட சிற்றுடைமையாளர்களிடமிருந்துதான் வருகிறது. தொழிற்சாலை கிலோவுக்கு என்ன தருகிறதோ அதுதான் தங்கள் வருமானம், விலை விழுந்தால் அப்பா கொழுந்து பறிக்க ஆள் வைக்கமாட்டார், அம்மாவும் தங்கையும் பறிப்பார்கள் என்றார். அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "யாரும் இல்லை" என்றார். அதற்குப் பிறகு இருவரும் மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல் உரம், உர விலை, 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தபோது யார் வீட்டில் என்ன நடந்தது என்று அரைகுறை மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தும் எழவில்லை.

அந்தப் புதனிலிருந்து உரையாடல் நேரம் தாண்டத் தொடங்கியது. அதற்கு ஒரு விலை இருந்தது. மண்டபம் காலியாகும் வரை சமையற்கட்டுக்காரர் இருவரும் தட்டுக் கழுவக் காத்திருந்தார்கள். மேலதிக நேரத்துக்குப் பணம் கிடையாது. ஒருவருக்கு வீட்டுக்குப் போகும் பஸ் தவறியது. நீதியைப் பற்றிப் பேசும் கூட்டம் இதை அந்த அம்மா சொல்லும் வரை காணவில்லை. ஜூலையிலிருந்து மாணவர்களே தட்டைக் கழுவி, மேசையைத் துடைத்து, கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தார்கள். சம்பளக் கேள்வி நிர்வாகக் குழுவுக்குப் போனது. ஆண்டு முடியுமுன் மேலதிக நேரத்துக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கினார்கள்.

ஓகஸ்டில் இரண்டு பிரிவும் கலந்த ஒரு சிறு குழு இரண்டு இரவு தோட்டமொன்றில் குடும்பங்களோடு தங்கியது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் விடியற்காலைத் தண்ணீர்க் குழாய் வரிசையையும், ஒரே அறையில் மூன்று தலைமுறை படுப்பதையும் பார்த்தார்கள். எல்லாரும் நெகிழ்ந்து வந்தார்கள், கோழிக்கறியை வியந்து சொன்னார்கள். அந்தக் கோழி கடையில் கடன் சொல்லி வாங்கியது என்று செப்டெம்பரில்தான் தெரிந்தது. அதே மாதம் சம்பள விஷயமும் நீதிமன்றம், பேச்சுவார்த்தை எல்லாம் தாண்டி 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் வந்து நின்றது.

சிங்கள மாணவர்களுக்குத் தமிழ் வகுப்பு ஒன்றும் தொடங்கினோம். பரீட்சை நெருங்க, சத்தமில்லாமல் நின்றுபோனது. மேசைகள் விஷயத்தில் பெரிய மாற்றமில்லை. புதன்கிழமை கலந்து இருப்பார்கள், வியாழக்கிழமை பழையபடி.

மீண்டும் நடத்தினால் மாற்ற வேண்டியவை

மொழிபெயர்ப்பைத் தொண்டாக எண்ணக் கூடாது. அது வேலை, அதற்கு நேரமும் ஊதியமும் முதல் நாளே ஒதுக்க வேண்டும். 2025 வரவுசெலவில் ஒரு தொகை போட்டிருக்கிறோம். விருந்தினர்களை முற்றாக ஒதுக்கியதும் நீடிக்கத் தேவையில்லை. ஆனால் வருகிறவர் தன் பேச்சின் சுருக்கத்தை இரண்டு நாள் முன்னதாக மொழிபெயர்ப்பாளரிடம் தந்துவிட வேண்டும். படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டு. ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வர மறுத்தார். பரவாயில்லை.

தோட்டத்தில் தங்கப் போவதானால் அரிசி, பருப்பு, மீன்டின், சீனி என்று சாப்பாட்டுச் சாமான் முதல் வாரமே அந்த வீடுகளுக்குப் போய்விட வேண்டும். திரும்பி வரும்போது கொடுக்கும் அன்பளிப்பு கடன் வாங்கிய பிறகு வருகிற காசு. என்ன சமைப்பது என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கட்டும், மாணவர்கள் விறகு தூக்கட்டும்.

மே 18ஐப் பற்றி எங்கள் குழுவுக்குள் இன்னும் இணக்கமில்லை. அந்த வாரத்தில் அதைவிட வேறு வழியில்லை என்கிறார் சிங்களச் சகா. மேயில் எடுத்தால் எப்போதும் அவசரத்தில்தான் எடுப்போம், ஜனவரியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. முதலில் தமிழ் மாணவர்கள் தனியாக, போரில் ஆளை இழந்த சிங்கள மாணவர்கள் தனியாக, பிறகு அவரவர் விரும்பினால் மட்டும் ஒன்றாக. கஞ்சி கொடுப்பதைக் கல்லூரியின் வழிபாடாகவே அறிவித்து, பொலிஸ் வந்தால் முதல்வரே வாசலில் நின்று பேசவும் வேண்டும். இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. விலகிப்போன இருவருக்கும் அதன் பிரதியைக் கொடுத்தேன். ஒருவர் வாங்கிக்கொண்டார்.